எதிர்ப்பக்கத்து விலை

ஒரு சொம்பு கூழ் என்ன விலை என்று யாராவது கேட்டால் செண்பகம் முதலில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் "இருபது" என்பாள். எதிர்ப்பக்கம் பார்க்கிறதுக்கு ஒன்றும் இல்லை. ஒரு புங்கமரம், அதன் அடியில் கரி பிடித்த மூன்று செங்கல், மரத்தில் அடித்த ஒரு ஆணி. அங்கே கூழ் வண்டி போட்டிருந்த ஆரோக்கியமேரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் செண்பகத்தின் கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்பூங்கா ஒன்றின் இரண்டாம் நம்பர் கேட் அது. காலை பதினோரு மணிக்குக் கம்பி ஆலையிலிருந்து ஆட்கள் வெந்துபோய் வெளியே வருவார்கள். அந்த நேரத்துக்குத் தொண்டையில் சோறு இறங்காது, கூழ்தான் இறங்கும். தொட்டுக்க வறுத்த கருவாடு, மோர்மிளகாய், மாங்காய்ப் பத்தை. ஒரு காலத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஐம்பது சொம்பு, அந்தப் பக்கம் ஐம்பது சொம்பு என்று ஓடிய வியாபாரம். மூன்று வருஷம் எதிரெதிரே நின்றும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இவள் இருபது என்று அட்டை மாட்டியிருந்தாள், அவளும் இருபது என்று மாட்டியிருந்தாள். வெங்காயம் ஏறினாலும் சிலிண்டர் ஏறினாலும் மேரியின் அட்டை மட்டும் ஏறவில்லை. தன்னை இந்த கேட்டை விட்டே விரட்டத்தான் அவள் நஷ்டத்துக்கு ஊத்துகிறாள் என்று செண்பகம் முடிவு கட்டிவிட்டாள். "வைராக்கியம் புடிச்ச பொம்பள. பாக்கலாம், யாரு மொதல்ல ஏத்துறான்னு," என்று புருஷன் லோகுவிடம் தினமும் பொருமுவாள். அவரும் தினமும் "உம்" கொட்டுவார்.

கத்திரி வெயிலில் ஒருநாள் மேரி வண்டிக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தப் பக்கம் வந்து வாங்கினதில், செண்பகத்தின் பானை பன்னிரண்டு மணிக்கே காலி. பானையைக் கழுவும்போது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷம்தான் இரண்டு வருஷமாக அவளைப் போட்டு அறுக்கிறது. தனியாக நின்றும் விலையில் கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அதற்கப்புறம் மரத்தடியில் யாரும் வண்டி போடவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு அங்கிருந்து கருவாடு வறுக்கிற வாசனை வரும். எல்லாம் நம்ம சட்டி வாசனைதான், காத்து சுத்தி அடிக்குது என்று செண்பகம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவள் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னாலேயே அந்த வாசனை வந்துவிடும் என்பதை மட்டும் லோகுவிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருஷம் ஆனி மாசம் நிலைமை கழுத்துக்கு வந்துவிட்டது. இருபதுக்கு ஊத்தினால் ஒவ்வொரு சொம்புக்கும் கைக்காசு போகிறது. வண்டி நின்றால் போவதற்கு ஒரே இடம்தான் உண்டு. லோகு இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தாரே, அந்த இரும்புக் குப்பை யார்டு. யார்டு மேஸ்திரி கூழ் குடிக்க வரும்போதெல்லாம், "இன்னா செண்பகம், எப்போ வர்றே? குப்பை பிரிக்க ஆளு பத்தல," என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே முப்பது ரூபாய் வாங்குவது என்று செண்பகம் தீர்மானித்தாள். அட்டையில் இரண்டை அழித்து மூன்று போட எவ்வளவு நேரம் ஆகும், போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டில் விற்கிறவர்களின் விலையைக் காவல் காக்கிற 'வாயில் வணிகர் விலைச் செம்மை மைய'த்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.

மையம் பிறந்த விதம் இது. பூங்காவைப் பார்வையிட வந்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டில் காரை நிறுத்தி இளநீர் குடித்தார். ஒரு வண்டியில் நாற்பது, பக்கத்து வண்டியில் ஐம்பது. "இதில் எது சரியான விலை?" என்று சும்மா, வேடிக்கையாகக் கேட்டார். கூட வந்த பதினான்கு அதிகாரிகளுக்கும் பதில் தெரியவில்லை. பெரியவர் விமானம் ஏறிப் போய்விட்டார். இளநீர்க்காரர்கள் இரண்டு பேரையும் அடுத்த வாரமே அங்கிருந்து துரத்திவிட்டார்கள். கேள்வி மட்டும் தங்கிவிட்டதால் பூங்கா நிர்வாகம் அதற்கு ஒரு கட்டடம் கட்டி, ஏசி போட்டு, வாழ்க்கையில் ஒரு தீப்பெட்டிகூட விற்றிராத அன்புராஜ் என்பவரை விலை அலுவலராக உட்கார வைத்தது. அவர் உட்கார்ந்த அன்றே தலைக்கு மேலே ஒரு பலகை மாட்டினார். 'மாறாமல் இருப்பதே விலைக்கு ஒழுக்கம்' என்று அதில் எழுதியிருந்தது. மேரி சாவதற்கு ஒரு மாசம் முன்னால் நடந்த கதை இது. அப்போது கேட்டில் விற்கிற எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு படிவம் நிரப்பி வாங்கிக்கொண்டார்கள்.

செண்பகம் விலை ஏற்றுகிற மனுவோடு போனாள். கவுண்டரில் மெர்சி என்கிற கிளார்க் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"விலை ஏத்தணும்னா ஒப்பீட்டு விற்பனையாளரோட சம்மதம் வேணும்கா."

"அது யாரும்மா?"

"இதே பொருளை இதே கேட்ல விக்கிற இன்னொருத்தர். உங்களுக்கு வந்து..." மெர்சி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அப்புறம் செண்பகத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "ஆரோக்கியமேரி."

செண்பகத்துக்கு முதுகில் சில்லென்றது. ஏசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அது செத்துப்போச்சேம்மா."

"தெரியும்கா. சிஸ்டத்துல இருக்குது."

அன்புராஜ் சாரைப் பார்க்க அரை நாள் உட்கார வேண்டியிருந்தது. நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"ஏம்மா, நாங்க இந்தப் பூங்கா பூரா அளந்தோம். எண்பத்தேழு வியாபாரி. ஒருத்தர் விலையாவது ஆறு மாசம் நிக்குதா? தக்காளி ஏறிடுச்சி, டீசல் ஏறிடுச்சின்னு ஏதாவது ஒரு சாக்கு. இருபதுலயே இருந்த நீங்களும் இப்போ மனுவோட வந்துட்டீங்க. ஒரே ஒருத்தங்கதான் ரெண்டு வருஷமா ஒரு பைசா ஏத்தல. ஆரோக்கியமேரி. போன வருஷம் அவங்களுக்கு 'நிலையான விற்பனையாளர்' சான்றிதழ் குடுத்தோம். நீங்க கைதட்ட வரல போலருக்கு."

"சார், அது செத்துப்போனதால ஏத்தல சார்."

"காரணத்துக்குள்ள நாங்க போறதில்ல. உயிரோட இருக்கறவங்களை வச்சி விலை நிர்ணயம் பண்ணவே முடியாதும்மா. அவங்களுக்குப் பசிக்குது, பசங்களுக்கு ஃபீஸ் கட்டுறாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. இதெல்லாம் விலையைக் கெடுக்குது. மேரி அம்மாகிட்ட இந்தத் தொந்தரவு எதுவும் கெடையாது. நீங்களும் அவங்களை மாதிரி வரணும்."

செண்பகம் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

மேரியின் புருஷன் மோசஸ் அதே பூங்காவில் செக்யூரிட்டி. இறப்புச் சான்றிதழ் கேட்டு அவர் வீட்டுக்குப் போனாள். செத்த அன்றுகூட அந்த வாசலை மிதிக்கத் துணிச்சல் வராதவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போனாள். சுவரில் மாலை போட்ட மேரி. பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டம் போட்ட 'நிலையான விற்பனையாளர்' சான்றிதழ். படத்தில் இருந்த மேரி செண்பகத்தையே பார்த்தாள்.

"பேஜாரா இருக்குதும்மா," என்றார் மோசஸ். "மாசாமாசம் அவ பேருக்கு லெட்டர் போடறாங்க. பாரு, கட்டு கட்டா கெடக்குது."

"பிரிச்சிப் பாக்கலியா அண்ணே?"

"அவ பேருக்கு வந்தத நான் எப்படிப் பிரிக்கிறது? இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போறப்ப எடுத்துக்கினு போயி படிச்சிக் காட்டலாம்னு வச்சிருக்கேன்."

மோசஸ் எடுத்துக் கொடுத்த இறப்புச் சான்றிதழை அன்புராஜ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். அசல்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"ஆனா இது ஆள் செத்ததுக்குச் சான்றிதழ். விலை செத்ததுக்கு எங்க இருக்குது?"

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. கேட்டுக்குப் பின்னால் இருக்கிற அம்மன் கோயிலில் வழக்கம்போல் கூழ் ஊத்தினார்கள். மையத்தின் கள ஆய்வாளர் அந்தோணி வாராவாரம் போனோடு வந்து விலை அட்டைகளைப் படம் பிடித்துப் போவான். சொன்ன வேலையைச் செய்கிற ஆள், இதையும் படம் பிடித்து ஏற்றிவிட்டான். விற்பனையாளர் பெயர் அம்மன், பொருள் கூழ், விலை பூஜ்யம். மறுநாளே கோயில் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சந்தையைக் குலைக்கும் வகையில் விலையின்றிக் கூழ் வழங்குவது ஏன் என்று அம்மன் பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவேண்டுமாம். பூசாரி அதற்குக் குங்குமம் வைத்து அம்மன் காலடியில் சேர்த்துவிட்டார். பதினைந்து நாளில் பதில் வராததால் அம்மனும் விற்பனையாளர் பட்டியலில் ஏறினாள்.

அன்புராஜ் செண்பகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். "மேரி அம்மா இருபது, அம்மன் பூஜ்யம். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா பத்து. சந்தை விலை பத்துதாம்மா. நீங்க இருபது வாங்கிக்கினு இருக்கீங்க. நான் கண்டும் காணாம விட்டிருக்கேன்."

"சார், இதுல ஒண்ணு செத்துப்போனது, ஒண்ணு சாமி."

"ரெண்டு பேருமே இதுவரைக்கும் ஒரு புகார் குடுத்ததில்லையே," என்றார் அன்புராஜ்.

அப்புறமும் செண்பகம் விடவில்லை. வீட்டில் லோகு இடது கையாலேயே வெங்காயம் உரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் யார்டு ஞாபகம் வந்தது. மனுவுக்கு மேல் மனு போட்டாள். ஆவணியில் ஒருவழியாக விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள்.

விசாரணை அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. ஒன்றின் மேல் 'மனுதாரர்' என்று அட்டை. இன்னொன்றின் மேல் 'ஆரோக்கியமேரி' என்று அட்டை. ப்யூன் வாசலுக்குப் போய் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மூன்றாவது தடவைக்கு அப்புறம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இரண்டு டீ வந்தது. ஒன்றைச் செண்பகத்தின் முன்னால் வைத்தார்கள், இன்னொன்றைக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தார்கள். மூடின ஜன்னல், ஓடுகிற ஏசி, அந்த அறைக்குள் கருவாடு வறுக்கிற வாசனை வந்தது. செண்பகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று.

"எழுதிக்கோம்மா," என்றார் அன்புராஜ் மெர்சியிடம். "இரு தரப்பும் ஆஜர்."

"சார், அவங்க..."

"வரலன்னு எழுதினா அவங்க மேல நடவடிக்கை எடுக்கணும். நல்ல விற்பனையாளர், எதுக்கு அவங்களைக் கஷ்டப்படுத்தறது? அவங்க படிவத்துல மூணாவது கட்டத்தைப் படி."

மெர்சி படித்தாள். "விலை, ரூபாய் இருபது."

"முடிஞ்சிது. ஒப்பீட்டு விற்பனையாளர் இருபதுல உறுதியா இருக்காங்க."

செண்பகம் காலி நாற்காலியைப் பார்த்தாள். டீயில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் எதிரே நின்று முறைத்தவள், செத்தும் இங்கே வந்து உட்கார்ந்து இருபது, இருபது என்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

"மூணாவது கட்டம் மட்டும் எதுக்கு? அது இன்னா சொல்லிச்சின்னு முழுசாப் படிம்மா. என் மேல அதுக்கு அப்படி இன்னா கோவம்? நானும் தெரிஞ்சிக்கறேன்."

"மத்த கட்டமெல்லாம் நாங்க படிக்கிறதில்லம்மா, இடம் நிறைய இருக்கேன்னு போட்டது," என்றார் அன்புராஜ். ஆனால் மெர்சி ஏற்கெனவே பக்கத்தைத் திருப்பியிருந்தாள்.

"ஏழாவது கட்டம். இந்த விலையை எவ்வாறு நிர்ணயித்தீர்கள்?" மெர்சியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் இன்னா நிர்ணயிக்கிறது? எதிர்ல செண்பகம் இருபதுக்கு ஊத்துது. அது ஏத்தும் ஏத்தும்னு நானும் மூணு வருஷமா பாத்துக்கினு கெடக்கேன். வைராக்கியக்காரி, ஏத்த மாட்டேங்குது. எனக்கு இருபதுல கட்டல. மதியம் பானைல மிஞ்சுனாத்தான் நான் குடிக்கிறது. அது ஒரு ரூபா ஏத்துனாலும் மறுநாளே நானும் ஏத்திடுவேன்."

மெர்சி படிவத்தை மேஜை மேல் வைத்தாள்.

"அவங்க சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்," என்றாள் மெர்சி. "மறுநாள் நீங்க வந்தீங்கக்கா. ஏழாவது கட்டத்துக்கு நீங்களும் இதையேதான் சொன்னீங்க. எதிர்ல மேரி ஏத்தட்டும், மறுநாளே ஏத்தறேன்னு. எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வந்திச்சி. ஒருத்தர் படிவத்துல இருக்கறத இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ரூல். அதனால சொல்லல."

செண்பகம் மனசுக்குள் ரோட்டை அளந்தாள். ரோட்டு அகலம் எத்தனை அடி இருக்கும்? முப்பது? அந்த முப்பது அடியைத் தாண்டிப்போய், "இன்னாக்கா, உனக்குக் கட்டுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாள் இரண்டு பேரும் ஏற்றியிருப்பார்கள். மேரி வெறும் வயிற்றோடு கத்திரி வெயிலில் நின்றிருக்க மாட்டாள். கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அன்புராஜ் சாருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? அவங்க விலையை வச்சது நீங்க, உங்க விலையை வச்சது அவங்க. எங்க மையம் யாரு மேலயும் எந்த விலையையும் திணிக்கலன்னு இதைவிடத் தெளிவா யாரு சொல்ல முடியும்? நாங்க பத்திரமாப் பாதுகாத்தோம், அவ்வளவுதான்." அங்கேயே உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். "ஒப்பீட்டு விற்பனையாளர் தமது விலையை உயர்த்திய மறுநாள் முதல் மனுதாரர் தமது விலையை உயர்த்திக்கொள்ளலாம். ஒப்பீட்டு விற்பனையாளர், தமது வாக்குமூலப்படி, மனுதாரர் உயர்த்திய மறுநாள் உயர்த்துவார். இரு தரப்புக்கும் சம நீதி வழங்கப்பட்டது. கையெழுத்து போடுங்கம்மா."

செண்பகம் கையெழுத்து போட்டாள். போட்டுவிட்டு, "சார், அது ஏத்துன மறுநாள் நான் ஏத்தலாம், இல்ல?" என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"தாராளமா."

மறுநாள் காலை வண்டியை நிறுத்தினதும் அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு அட்டையையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. மரத்தடியில் வெயில் இறங்கவில்லை. ஆனால் மூன்று செங்கல்லுக்குப் பக்கத்தில் கால் வைத்தபோது தரை சூடாக இருந்தது.

"யக்கா," என்றாள் செண்பகம். "உனக்கும் கட்டலன்னு எனக்குத் தெரியாதுக்கா. நீ வீம்புக்கு நிக்கிறேன்னு நெனச்சிக்கினேன். நீ போன அன்னிக்கு என் பானை காலியாச்சின்னு சந்தோசப்பட்டேன். நான் பாவி." புங்கமரத்தில் காற்று இல்லை. "இப்போ வெங்காயம், சிலிண்டர் எல்லாம் ஏறிக் கெடக்குது. முப்பது போடறேன். உனக்குச் சரிதானே?"

அப்புறம் அட்டையில் 'கூழ் 30' என்று எழுதி, மேரி தன் அட்டையை மாட்டுகிற அதே ஆணியில் மாட்டினாள். தன் வண்டிக்கு வந்து, அன்றைக்கு முழுக்க இருபதுக்கே ஊத்தினாள். உத்தரவு உத்தரவுதானே.

பத்தரை மணிக்கு அந்தோணி போனோடு வந்தான். மரத்தடி அட்டையை ரொம்ப நேரம் பார்த்தான்.

"யாருக்கா எழுதினது?"

"அது விலைய அது ஏத்திக்கிச்சி," என்றாள் செண்பகம், கருவாட்டைப் புரட்டிக்கொண்டே.

அந்தோணியும் மேரி கையால் கூழ் குடித்தவன்தான். அப்படியே படம் பிடித்து ஏற்றினான். செத்தவர் விலை ஏற்றக் கூடாது என்று சிஸ்டத்தில் எங்கேயும் தடை இல்லை. சாயங்காலம் அன்புராஜ் சார் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார். இரண்டு வருஷம் அசையாமல் இருந்த ஆரோக்கியமேரியே ஏற்றியிருப்பதால் காரணம் நியாயமானதாகத்தான் இருக்கும், மறுநாள் முதல் மனுதாரருக்கு அனுமதி.

மறுநாள் செண்பகம் தன் அட்டையில் இரண்டை அழித்து மூன்று போட்டாள். பதினோரு மணிக்கு ஆலைக் கதவு திறந்தது. முதலில் வந்து நின்றது யார்டு மேஸ்திரிதான். அட்டையைப் பார்த்ததும் முகம் கோணியது.

"இன்னா செண்பகம், முப்பதா? நேத்து இருபதுக்குத்தானே ஊத்தினே?"

செண்பகம் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. முகவாயால் மட்டும் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள்.

"இஷ்டம்னா குடி. இல்லன்னா எதிர்ல போய்க் கேளு. அங்கயும் முப்பதுதான்."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தான். மரத்தடியிலிருந்து கருவாடு வறுக்கிற வாசனை வந்தது. மேஸ்திரி மூக்கைச் சுருக்கி முகர்ந்தான். அப்புறம் மூன்று பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான்.